அட்டையின் பின்பக்கம்

குவேக்கர்ஸ் ஹில்
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் மிஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கிரெய்கிபர்ன் குளிரில் உனக்கும் மருமகனுக்கும் நெஞ்சுச்சளி பிடிக்காமல் அல்லாஹ் காக்கட்டும். இங்கே நானும் வாப்பாவும் அப்ஹாமும் உடம்பளவில் சுகம். உடம்பளவில் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்துக்கொள். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் கோபப்பட்டால் நீ “உம்மா, காம் டவுன்” என்பாய், நானும் வாயை மூடிக்கொள்வேன். வாயை மூடிக்கொள்வது எனக்குப் பழகிய வேலை. அதனால் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புவரை சனிக்கிழமைப் பள்ளியில் தமிழ் படித்தவள் நீ, உனக்கு வாசிக்க வரும். படம் பிடித்து மொழிபெயர்க்கக் கொடுக்காதே. மெதுவாக வாசி, ஆனால் முழுவதையும் வாசி.

முதலில் வீட்டுச் செய்தி. வாப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் பிஸ்கட்டை ஒளித்து வைத்துத்தான் காப்பாற்றுகிறேன். அப்ஹாமுக்குப் பரீட்சை, படிக்கிறானோ இல்லையோ நன்றாகச் சாப்பிடுகிறான். வாப்பா கூடத்தில் பெரிய திரையில் செய்தி பார்க்கிறார், அவன் அறைக்குள் சின்னத் திரையில் அதையே பார்க்கிறான். இடிந்த வீடுகளுக்கு நடுவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் சத்தம் இரண்டு பக்கத்தாலும் வருகிறது. நடுவில் சாப்பாட்டு மேசையில் என் மணித்தட்டு. மணி கோர்ப்பதால் எந்த நாட்டுக்கும் ஒரு நன்மையும் இல்லை என்று எனக்குத் தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டாம். எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான் காரணம். விடிய சுபஹு தொழுத பிறகு ஒரு மணித்தியாலம் கொப்பியில் ஊர் நினைவுகளை எழுதுவேன், பிறகு பரமட்டாவுக்கு வேலைக்குப் போவேன், வந்து சமைப்பேன், சாப்பிட மேசை வேண்டுமென்றால் தட்டைத் தூக்கிக் கட்டிலில் வைப்பேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நூலகத்தில் புதன்கிழமை வகுப்பில் ஓர் இத்தாலிக்காரக் கிழவியிடம் பழகிய வேலை இது. இதுதான் என் நகைத்தொழிலின் முழு வரலாறு. இதை நீ அட்டையில் போட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் செய்யும் தோடுகளை மாட்டி விற்க நீ அச்சடித்து அனுப்பிய அட்டைகள் சனிக்கிழமை காலை, சந்தையில் கடை போடப் புறப்படும் நேரத்தில் வந்தன. பெட்டியைத் திறந்தேன், அழகான அட்டை, முன்பக்கம் என் பெயர், கொளுக்கி மாட்ட இரண்டு ஓட்டை. பின்பக்கத்தில் சின்ன எழுத்து. கண்ணாடி கைப்பைக்குள் இருந்தது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கழுவும் முறைதான் எழுதியிருக்கிறாய் என்று நினைத்து எல்லாத் தோட்டையும் அட்டைகளில் மாட்டிக்கொண்டு போய்விட்டேன். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். பரமட்டாவில் முதலில் வந்த வெள்ளைக்காரப் பெண் அட்டையைத் திருப்பி வாசித்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு “யூ ஆர் ஸோ ஸ்ட்ரோங்” என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவதாக வந்தவள் அழுதாள். அப்போதுதான் கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். பதின்மூன்று வயதில் ஊரைவிட்டு விரட்டப்பட்ட நாளில் என் காதிலிருந்து தோட்டைப் பிடுங்கினார்களாம், அன்றிலிருந்து உலகத்துப் பெண்களின் காதுகளுக்கெல்லாம் தோடு செய்வதே என் மருந்தாம். ஐந்து வரி. இந்த மருந்து, ஆறுதல் என்ற பேச்சே எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியாதா. போன மாதம் நீ “ஸ்டோரி இல்லாட்டி ஆக்கள் வாங்க மாட்டினம் உம்மா” என்று சொன்னபோது சிரித்துவிட்டு விட்டது என் மடத்தனம். என்னைக் கேட்காமல் என் கதையை எடுத்தாய், எடுத்ததையும் பிழையாக எடுத்தாய்.

நான் அட்டைகளைக் கழற்றத் தொடங்கினேன். பாதி கழற்றியிருக்க மாட்டேன், லைலா அன்ரி வந்துவிட்டாள். உனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து இஞ்சிப் பிளேன்டீ ஃபிளாஸ்க்கோடு நேரே என் கடைக்குத்தான் வருவாள். காதில் ஒன்றும் போடாதவள், மருமகள்மாருக்கு மட்டும் வாங்குவாள். “காதில்லாத நான்தான் உனக்கு நல்ல யாவாரம்” என்று ஒவ்வொரு முறையும் பகிடி விடுவாள், ஸ்கார்ஃபுக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்ததால் நாங்கள் சிரிப்போம். அன்றைக்கு டீயை ஊற்றிவிட்டு ஓர் அட்டையை எடுத்துத் திருப்பினாள். வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். “ரினோசா, என்ர காதையும் நீ எடுத்திட்டியா” என்றாள். சத்தம் போடவில்லை. நான் “மிஸ்னா தெரியாம...” என்று தொடங்கினேன், அவள் “பிள்ளைக்கு ஆர் சொன்னது” என்றாள். ஃபிளாஸ்க்கை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். இன்றைக்கு ஆறு நாள். போனை எடுக்கவில்லை. எங்கள் குசினியில் அந்த ஃபிளாஸ்க் கழுவிக் கவிழ்த்தபடி கிடக்கிறது, தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது.

பிள்ளைக்கு யார் சொன்னது என்றால் நான்தான். உனக்குப் பதினாறு வயதில் பள்ளிக்கூட வேலைக்காகக் கேட்டாய். எங்கள் ஊர் முஸ்லிம்கள் எல்லாரையும் இரண்டு மணித்தியாலத்தில் போகச் சொன்னார்கள், சந்தியில் துவக்கோடு நின்றவர்கள் பெண்களின் தோடுகளைக் கழற்றினார்கள் என்றேன். நீ “உங்கடையுமா உம்மா” என்று கேட்டாய். நான் சோறு வடிக்க எழும்பிவிட்டேன். நீ அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாய், நானும் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். ஆகவே உன்மேல் உள்ள கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது. மற்றப் பாதியைக் குறைக்க மாட்டேன்.

இப்போது வடிக்க ஒன்றும் அடுப்பில் இல்லை, சொல்கிறேன். என் தோட்டை யாரும் எடுக்கவில்லை. சந்தியில் வரிசையில் நிற்கும்போதே என் உம்மா, உன் உம்மும்மா, அதைக் கழற்றி என் வாய்க்குள் திணித்து, நாக்குக்குக் கீழே வை, எது நடந்தாலும் திறக்காதே என்றார். என் வயதுக் கூட்டாளி லைலா எனக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு ஒரு பக்கத் தோட்டின் சுரை, அந்தத் திருகாணி, கழன்றது, மற்றப் பக்கம் இறுகிக் கிடந்தது, இழுத்தார்கள், காதுச் சோணை கிழிந்தது. அவள் தன் உம்மாவைக் கூப்பிடவில்லை, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு அடி தூரம். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். புத்தளம் போகும் லொறியில் தலைத்துணியைக் காதோடு அமத்திப் பிடித்துக்கொண்டு “ஏன்டி பேசாம நின்டனீ” என்று கேட்டாள். பயம் என்றேன். முப்பத்தைந்து வருஷமாக அவளிடம் அந்தப் பதில்தான் இருக்கிறது. பயம்தான், பொய் இல்லை. ஆனால் தோடு விழுந்துவிடும் என்ற பயம். என் கொப்பிகளை நீ பார்த்திருக்கிறாய், மூன்று கொப்பி. எத்தனை முறை தொடங்கினாலும் அந்தச் சந்திக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. நான் நின்றுகொண்டிருக்கும் இடத்தை நீ ஐந்து வரியில் கடந்து போய், ஓட்டை போட்டுக் கொளுக்கி மாட்டக் கொடுத்துவிட்டாய். செய்தியில் யாரோ ஒரு பிள்ளை அழுவதைப் பார்த்து நீ பதிவு போடுகிறாய், கோபப்படுகிறாய், சரி, படு. ஆனால் ஒருத்திக்கு நடந்ததை எடுத்து இன்னொருத்தியின் பெயரில் விற்காதே.

அந்தத் தோடு எங்கே என்று கேட்பாய். உனக்குக் காது குத்தியபோது உம்மும்மா போட்டுவிட்ட சிவப்புக்கல் தோடு அதுதான். இப்போது உன் காதில் கிடக்கிறது. என் தோடுகளுக்கென்று இணையத்தில் நீ திறந்த கடைப் பக்கத்தில் போட்டிருக்கும் உன் படத்தில் அது பளிச்சென்று தெரிகிறது. ஒரே தட்டானிடம் ஒரே பெருநாளுக்குச் செய்த இரண்டு சோடி, ஒன்று எனக்கு, ஒன்று லைலாவுக்கு. உனக்குப் போட்டுவிட்ட பிறகு அவள் வரும் நாளெல்லாம் நான் அதைக் கழற்றி வைத்துவிடுவேன், நீ சின்னப் பிள்ளை, ஏன் என்று கேட்டதில்லை. அந்தப் படத்தைப் பார்த்தால், என் தோடு தப்பியது அவளுக்கு விளங்க ஒரு நொடி போதும். அதற்கு முன்னால் என் வாயால் அவள் கேட்க வேண்டும். ஆகவே இதை வாசித்து முடித்த கையோடு அந்த இணையப் பக்கத்தை நீக்கு, படத்தையும் எடு. அட்டைகளை நான் பெட்டியோடு குப்பையில் போட்டுவிட்டேன், கவலைப்படாதே, தோட்டை வெறும் தாளில் குத்தி வைப்பேன். எனக்காக நீ லைலா அன்ரிக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்காதே. உன் பிழைக்கு நீ பிறகு கேள். இன்று பின்னேரம், வேலை முடிந்ததும் நானே ஃபிளாஸ்க்கைக் கொண்டுபோய் அவள் வாசலில் நிற்கப் போகிறேன். கதவைத் திறப்பாளோ தெரியாது. திறக்காவிட்டால் கதவுக்கு வெளியே நின்று சொல்வேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. உன்னிடமிருந்து அந்தத் தோடு வந்ததும் அவளிடம் கொடுப்பேன். வாங்குவாளோ வீசுவாளோ, அது அவள் இஷ்டம்.

வாப்பா ஸலாம் சொல்லச் சொன்னார், இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு இன்னும் தெரியாது, இரவுச் சாப்பாட்டில் சொல்வேன். மருமகனுக்கு என் துஆ. உனக்கும்தான், கோபம் இருந்தாலும் தொழுகையில் உன் பெயர் முதலில்தான் வருகிறது. அல்லாஹ் உன்னை நேரான வார்த்தை உள்ளவளாக வைக்கட்டும்.

மறக்காமல் அந்தத் தோட்டைப் பதிவுத்தபாலில் அனுப்பு. கழற்றும்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று சுரையை மெதுவாகத் திருகு. இடது பக்கம் இறுகியிருக்கும். இழுக்காதே.

உன் உம்மா,
ரினோசா