நாலு பேர் தூக்கி வந்த மேசை

குருக்கள்மடம்,
21.02.2010

அன்பு மகள் தக்சிகாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தை நீ தொலைபேசியில் சொல்லும் சொல்லில் நான் தேடுவதில்லை, அதைச் சொல்ல நீ எடுக்கும் நேரத்தில் தேடுகிறேன், போன ஞாயிற்றுக்கிழமை அது கொஞ்சம் நீண்டுபோனது. அதனால்தான் இந்தக் கடிதம். தொலைபேசி என்றால் அப்பா என் தோளோடு வந்து நின்றுவிடுவார், மின்னஞ்சல் என்றால் வந்தாறுமூலைக் கம்பஸில் விரிவுரையாளர் அறையில் நாலு பேருக்கு நடுவே இருந்து எழுதவேண்டும். இது உன் கைக்கு வரப் பத்து நாளாவது செல்லும், வாங்குவதை முடிவெடுக்க வருகிற மாத நடுப்பகுதிவரை உனக்கு நேரம் இருக்கிறதுதானே.

இங்கே மழை விட்டுவிட்டது. விடியப்புறம் வாவிக்கரைக்குப் போனால் தண்ணீர் எங்கே முடிகிறது பனி எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை, தோணிகள் ஆகாயத்தில் கட்டிவிட்டதுபோல நிற்கின்றன, அவற்றில் இருப்பவர்கள் பேசுவது மட்டும் பக்கத்தில் பேசுவதுபோல வருகிறது. அக்கரையில் வயல் வட்டைகளில் அறுவடை தொடங்கிவிட்டது, காற்று திரும்பும்போது வைக்கோல் வாசம் வாவியைக் கடந்து நம் குசினிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிணற்றில் உப்புக் குறைந்திருக்கிறது. நான் கருவியால் அளந்தேன், அப்பா நாக்கால் அளந்தார், இருவரும் ஒரே முடிவுக்கு வந்தோம். அவருக்கு முழங்கால் நோவு அப்படியே இருக்கிறது, வைத்தியரிடம் போகச் சொன்னால் நாளைக்கு என்கிறார்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். லப்டொப் பற்றி மூன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். ஒன்று கடையில் இருக்கும் சின்னது, புதியது, ஆனியில் படிப்பு முடியக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். மற்றது உன்னோடு படித்த பெண் ஒரு வருடம் பாவித்துவிட்டு விற்கப்போவது, பதினேழு அங்குலத் திரை, பாரம், ஆனால் உன் கடல் வரைபட வேலைக்கு அதுதான் தோது. எது நல்லது அம்மா என்று கேட்டிருக்கிறாய். பிறகு கடைசித் தாளின் ஓரத்தில், பேராசிரியர் இன்னும் நாலு வருடம் ஆராய்ச்சிக்கு நிற்கச் சொல்கிறார், நான் பதில் சொல்லவில்லை என்று ஒரே ஒரு வரி. இருபது வருடமாக விடைத்தாள் திருத்துகிறேன் மகள். பிள்ளைகள் பயப்படுகிற விடையை ஓரத்தில்தான் எழுதுவார்கள்.

இருந்தாலும் முதலில் நீ கேட்டதற்குப் பதில். கடைக்கு முதல் நாள் போகும்போது வாங்கும் எண்ணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போ, இரண்டாம் நாள் அதையும் கூட்டிக்கொண்டு போகலாம். மூடியில் ஒட்டியிருக்கும் வண்ண ஒட்டிகளை வாசிக்காதே, அவை யாருக்கோ எழுதியவை. நீ செய்வது வரைபடம், ஆகவே வேகம் என்று அவர்கள் காட்டும் எண்ணை விட நினைவகம் எவ்வளவு என்று கேள், பிறகு இன்னும் கூட்டலாமா என்று கேள். ஒரு கதிரை கேட்டு வாங்கி உட்கார்ந்து ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார், நின்றுகொண்டு பார்த்தால் எல்லா மெசினும் நல்ல மெசின்தான். நீ இருக்கும் நாட்டு விசைப்பலகையில் குறிகள் இடம் மாறிக் கிடக்கும், நீ பாமினி எழுத்துருவில் தமிழ் எழுதுபவள், புள்ளி வைக்கும் விசையை முதலில் தேடிப் பிடி, ஒரு கடிதம் முழுக்கப் புள்ளியில்லாமல் வந்தால் நான் வாசிக்கமாட்டேன். திரையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார், பளபளக்கிற திரையில் வேலை தெரியாது, உன் முகம்தான் தெரியும். மூடியைப் பத்துத் தரம் ஒற்றைக் கையால் திறந்து மூடு, பிணைச்சல் முறுமுறுத்தால் வேண்டாம். பையும் சுட்டெலியும் இலவசம் என்று தருவார்கள், வாங்கிக்கொள், ஆனால் அதற்காக வாங்காதே. பற்றுச்சீட்டில் மெசினின் இலக்கம் எழுதியிருக்கவேண்டும். பாவித்ததை வாங்குவதென்றால் மட்டும் இன்னொரு விசயம், இது காத்தான்குடியில் என் மெசினைத் திருத்தும் முஹம்மட் சொல்லித்தந்தது. மிஸ், கண்ணால பாத்தா ஒண்டும் தெரியாது, மூக்கால பாருங்க என்பார். காற்றுப் போகும் துவாரத்தில் மூக்கை வைத்து மணந்து பார்க்கவேண்டும். சுனாமித் தண்ணி குடித்த மெசின்களை இரண்டு வருடமாகக் கழுவித் துடைத்து விற்றார்கள், வெளியே மினுங்கும், உள்ளே வாவிச் சேறு மணக்கும். நீ இருக்கும் ஊரில் கடல் வரவில்லைதான், ஆனால் கோப்பி எல்லா ஊரிலும் கொட்டும்.

இதெல்லாம் எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தால் ஒன்றை விட்டிருக்கிறேன். பற்றறி. ஒரு வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் முதல் வரியே அதுதான் எழுதியிருப்பேன். மண் ஆய்வுத் திட்டக்காரர் தந்த லப்டொப்பை எடுத்துக்கொண்டு அக்கரையில் பழுகாமத்துக்கு மண் உவர் அளக்கப்போன நாட்கள் உனக்கு நினைவிருக்கும். பட்டிருப்புப் பாலத்தடி இராணுவச் சோதனைச் சாவடியில் அதைத் திறந்து, திரையை எரியவிட்டுக் காட்டவேண்டும், எரிந்தால் கொம்பியூட்டர், எரியாவிட்டால் அது வேறு என்னவோ. ஒருநாள் அது எரியவில்லை. முந்தின நாள் மின்சாரம் இல்லை, பற்றறிக்கு ஊட்ட முடியவில்லை. முழு பஸ்ஸையும் ஓரங்கட்டி இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். நம் கரையில் கடல்மீன் வாங்கி அங்கே கொண்டுபோய் விற்கும் இராசாத்தி அக்காவின் கூடை என் கண் முன்னாலேயே கெட்டுப்போனது. அடுத்த நாளிலிருந்து நான் பஸ் ஏறினால் போதும், என்ன மிஸ், பெட்டிக்குச் சோறு குடுத்தாச்சா, இல்லாட்டி நான் அடுத்த பஸ்ஸில வாறன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவா.

போன மாதம் அந்தச் சாவடி போய்விட்டது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பஸ் பாலத்துக்கு ஏற, நான் வழக்கம்போலப் பையைத் திறந்து லப்டொப்பை எரியவிட்டு மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருக்கிறேன். பஸ் நிற்காமலே போகிறது. இரண்டு பக்கமும் வாவி, வெயில் பட்டுத் தகடுபோலக் கிடக்கிறது, திரையில் ஒன்றும் தெரியவில்லை, நான் யாருக்கோ காட்டிக்கொண்டே போகிறேன். பக்கத்தில் இருந்த இராசாத்தி அக்காதான் மெதுவாக, மூடுங்க மிஸ், இனி அதைப் பாக்க ஆளில்ல என்றா. அவ சிரிக்கவில்லை. நான் மூடவும் இல்லை, பழுகாமம் வரும்வரை அது என் மடியில் எரிந்துகொண்டே வந்தது.

அன்று பின்னேரம் யோசித்தேன். உனக்குச் சொல்ல நான் மனதில் அடுக்கி வைத்திருந்த விதிகளில் பாதி அந்தப் பாலத்துக்கான விதிகள். சின்னது வாங்கு, தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்பதும் அப்படித்தான். அதற்கும் முந்தியது ஒன்று இருக்கிறது. கடல் வந்த அன்று நீ கம்பஸில் முதலாம் வருடம். உன் மேசைக் கொம்பியூட்டரின் பெட்டியை அப்பா தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வாவிப்பக்கம் ஓடிவந்தார். வந்து சேர்ந்தபோது தோளில் பெட்டி இல்லை, யாருடையதோ ஒரு பிள்ளை இருந்தது. பெட்டி எங்கே என்று நீ கேட்டாய். பாரம் புள்ள என்றார். அப்படிக் கேட்டதற்கு நீ இன்னும் வெட்கப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும், வேண்டாம். உனக்கு அப்போது பத்தொன்பது வயதுதான், பயந்த பிள்ளைகள் எதையாவது கேட்கும். ஆனால் அதன்பிறகு அப்பா தன்னால் தனியே தூக்க முடியாத ஒரு பொருளையும் வீட்டுக்குள் எடுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். பிளாஸ்டிக் கதிரை, சுருட்டுகிற மெத்தை, சின்னச் சட்டிகள். நான் குளிர்சாதனப்பெட்டி கேட்டபோது கடைக்குள்ளேயே அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தார், கடைக்காரப் பொடியன் பதறி, அண்ணே விடுங்க, வீட்ட கொண்டுவந்து நாங்க தருவம் என்று கத்தினான். இன்றுவரை அது வரவில்லை.

அந்த மனிதர்தான் இந்தத் தையில் பழுகாமத்துக் கனகசிங்கம் ஓடாவியாரிடம் சொல்லி முதிரை மரத்தில் ஒரு மேசை செய்வித்தார். எனக்குச் சொல்லவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் வந்து இறங்கியது, நாலு பேர் தூக்கினார்கள், வாசல் நிலையில் இடித்து ஒரு வடு இருக்கிறது. உன் அறையில், வாவி பார்க்கும் ஜன்னலடியில் வைத்திருக்கிறார். பிறகு அவர் ஒரு பத்திரிகையை லப்டொப் அளவுக்கு மடித்து அதன் நடுவில் வைத்து, முன்னால் உட்கார்ந்து பார்த்து, புள்ள இப்பிடி இருந்து எழுதினா தோணி போறது தெரியும் என்றார். போன வருடம் நாட்டில் சண்டை முடிந்தது என்று வானொலி சொன்னபோது நான் நம்பவில்லை. அந்த மேசை வந்தபோது நம்பத் தொடங்கினேன்.

கனவுக்கு அர்த்தம் தேடுபவள் நானல்ல. இருந்தாலும் நேற்று மத்தியானம் கண் அயர்ந்தபோது அந்த மேசை வாவிக்கு நடுவில் நின்றது. தண்ணீர் அதன் கால்களைச் சுற்றிப் போகிறது, அது அசையவில்லை. மேலே ஒரு பெரிய திரை எரிகிறது, அதன் வெளிச்சத்துக்குக் குஞ்சு மீன்கள் வந்து நிற்கின்றன. நீ முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து வேலை செய்கிறாய். நான் கரையில் நின்று பார்க்கிறேன், கூப்பிடத் தோன்றவில்லை. முழித்தபோது மனம் நிறைந்திருந்தது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மேலே ஓரிடத்தில் ஒரு வரி வெட்டியிருக்கிறேன், பார்த்திருப்பாய். கெட்டுப்போனால் கொழும்பில் திருத்தித் தருவார்களா என்று கேள் என எழுதி வெட்டியது. அது தேவையில்லை. பெரியதை வாங்கு. நன்றாக மணந்து பார்த்துவிட்டு வாங்கு. தூக்கிக்கொண்டு ஓட முடியாத ஒரு பொருள் உன்னிடம் இருக்கட்டும். அந்தப் பேராசிரியருக்கும் பதில் எழுது, நாலு வருடம் நிற்கிறேன் என்று எழுது. எங்களுக்காகச் சின்னதை வாங்கிவிட்டுப் பிறகு அதன் சின்னத் திரையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் எழுதி நிறுத்தியபோது அவர் வந்து நின்றார். நான் உன் மேசையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். புள்ளைக்கா என்றார், ஓம் என்றேன். உன் கடிதத்தை அவரும் வாசித்திருக்கிறார் போல, பெரிசா சின்னனா என்றார். எனக்கு இரகசியம் காக்கத் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். பெரிசு என்றேன். அவர் தை மாதத்திலிருந்து மேசை நடுவில் கிடந்த அந்தப் பத்திரிகையை எடுத்து, மடிப்பை நீவி விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பழைய செய்திகளை வாசிக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் முடிய, தலையை நிமிர்த்தாமலே, அவள் இரிக்கிறது மூண்டாம் மாடிதானே, அந்தப் பாரத்தை மேல ஏத்தித் தர ஆளிரிக்கா எண்டு கேளு என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் உன் பெயருக்கு அர்ச்சனை செய்விப்பார், நான் பக்கத்தில் நிற்பேன், அதை இரண்டு பேரின் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. வேலை செய்ததையெல்லாம் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வை. மறக்காமல் அப்பாவின் கேள்விக்குப் பதில் எழுது, அவர் காத்திருப்பார்.

உன் அன்பு அம்மா