வாய்க்கால் கரை எந்த பிளாக்?

இன்று காலை புத்தூரில் என் வீட்டுச் சுவரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக எண் எழுதிவிட்டுப் போனார்கள். பெயிண்ட் வாசனை உள்ளே வந்ததும் உன் நினைவு வந்தது. கூடவே அந்தப் பழைய கோபமும்.

போன கணக்கெடுப்புக்கு நாம் இருவரும் ஒரே பள்ளியிலிருந்து போனோம். ஊரைத் துண்டு துண்டாகப் பிரித்து, டீச்சருக்கு ஒரு பிளாக் என்று கொடுத்திருந்தார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு. கரைமேல் குடிசை போட்டிருந்தவர்கள் இரண்டு வரைபடத்திலும் இல்லை.

அங்கே நின்று விசாரித்தாய். கைக்குழந்தையோடு ஒரு பெண் சொன்னாள்: “போன தடவையும் யாரும் வரலைங்க. பால்வாடி கேட்டா, அங்க பிள்ளைங்களே இல்லைனு கணக்குல இருக்குங்கறாங்க.” அவள் இடுப்பிலிருந்த பிள்ளை உன் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளரிடம் போனோம்.

“உங்க எல்லை வாய்க்காலோட முடியுது. அவங்களை அந்தப் பக்கத்து டீச்சர் எடுத்துப்பாங்க.”

“அந்தப் பக்கத்து டீச்சர் இவதான் சார். இவ எல்லையும் வாய்க்காலோட முடியுது.”

“ஆக்கிரமிப்பு டீச்சர் அது. விடுங்க.”

விட வேண்டுமாம். எவரோ மேசையில் உட்கார்ந்து கோடு போடுவார். கோட்டுக்குள் வராதவர்கள் பிறக்கவே இல்லை என்றாகிவிடும்.

கரையைச் சேர்க்கும்வரை எதையும் ஒப்படைக்க மாட்டேன் என்றாய். மெமோ கொடுப்பேன் என்றார்.

“குடுங்க சார். ஆளுங்களை எண்ணினதுக்குத்தான்னு அதுல எழுதிடுங்க.”

கடைசியில் உன் பிளாக்கில் சேர்த்தார். மெமோவும் வந்தது. பால்வாடி வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்து சொன்னேன். “அந்தப் பிள்ளை இப்ப பெரிய ஸ்கூலுக்கே போயிருக்குமே. அதுக்கு என்ன கிடைச்சுது?” என்றாய். உடம்பு அந்த நிலையில் இருந்தும் உன் குரலில் கோபம் குறையவில்லை.

உன் இரங்கல் கூட்டத்துக்கு அதே மேற்பார்வையாளர் வந்தார். மைக்கைப் பிடித்து, “மேலிடத்துப் பேச்சைத் தட்டாத டீச்சர்” என்று புகழ்ந்தார். செத்த பிறகும் உன்னைத் தன் கோட்டுக்குள் அடக்கப் பார்த்தார். எழுந்துவிட்டேன்.

“தட்டினாங்க சார். உங்க பேச்சைத்தான் தட்டினாங்க.”

முன்வரிசையில் யாரோ, “உட்காருங்க டீச்சர்” என்றார்கள். நான் உட்காரவில்லை. அதன்பின், கணக்கில் விடுபட்டவர்களுக்காக ஏறி இறங்கிய எத்தனையோ அலுவலகங்களில் அதே சொல்லைக் கேட்டுவிட்டேன்.

இன்னும் உட்காரவில்லை.