ஊசி ஆடும் இடம்

என் ராசாத்திக்கு, சலாம்.

ஜிபிஎஸ் திரையைக் காகிதம் ஒட்டி மூடிவிட்டு, வெளியே தெரியாதபடி உன் நெற்றியில் மறைப்பும் மாட்டி, தரையில் இருக்கும் பழைய ரேடியோ நிலையத்தின் திசையைக் காட்டும் ஊசியை மட்டும் நம்பிப் பயிற்சியில் விமானம் ஓட்டவைத்தார்கள் என்று எழுதியிருந்தாய். கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். “ஆள் மிடுக்கியாணல்லோ” என்று உன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினார் பக்கத்துக் கடைச் சேட்டன். மிளகு நிறுப்பதைக்கூட மறந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

நிலையத்துக்கு நேர் மேலே ஊசி தாறுமாறாக ஆடும், அதைத் துரத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து நேராகப் போனால் தானே சரியாகிவிடும் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் யாருக்கும் படிக்கவில்லை.

போன மாதம் நீ ஊருக்கு வரும் வழியில், என் போனில் நீ இருக்கும் இடம் காட்டும் புள்ளி ஆலுவாவிலேயே இரண்டு மணி நேரம் நின்றது. ஒன்பது முறை கூப்பிட்டேன். “வரும்போ வருவாடா, ஒரு சாயா குடி” என்றாள் உம்மா. வந்ததும் ஏன் என்று கேட்டேன்; ரயில் தாமதம் என்றாய். நான் கேட்டது ரயிலைப் பற்றி இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சிரித்தாய்.

இந்த ஞாயிறு கப்பக்கிழங்கும் மீனும் வைக்க உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நாலு மணிப் படகுக்கு மட்டாஞ்சேரி படகுத்துறையில் நிற்பேன். கையில் கடிகாரம் கட்டியிருப்பேன். போன் உம்மாவிடம் இருக்கும்.

உன் மிளகுக் கடைக்காரன்