மூடி இல்லாத மிஷின்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
12.11.2024

அன்புள்ள எட்வின் அண்ணனுக்கு,

பிரிஸ்கில்லாவின் தோத்திரம். மதினிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால் பிள்ளைகள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் ப்ளஸ் ஒன் தொழிற்கல்விப் பிள்ளைகளை உங்கள் பேண்டேஜ் கம்பெனியில் பயிற்சிக்கு விட்டபோது என்ன சொன்னீர்கள்? "வேடிக்கை பாக்கட்டும், பாக்கெட் போடட்டும். மிஷின் பக்கமே விடமாட்டேன்." நேற்று மாரிக்கனி துணி சுருட்டும் மிஷினை ஓட்டினாளாம். பெருமையாகச் சொல்கிறாள். அந்த மிஷினில் பெல்ட்டுக்கு மூடி இல்லை என்று போன மாதமே சொன்னேன். எத்தனை தடவைதான் சொல்வது? இந்தப் பிள்ளைகளுக்கு நான் பொறுப்பு. மூடியைப் போடுங்கள் அண்ணா.

தங்கை,
பிரிஸ்கில்லா

ராஜபாளையம்,
13.11.2024

தங்கச்சிக்கு,

உன் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கடிதத்தைத் தந்தார்கள். வேலையாட்கள் முன்னால் என் மானம் போயிற்று.

மூடியைப் போட்டால் பஞ்சுத்தூசி அடைத்து மிஷின் நின்று நின்று ஓடுகிறது. சரக்கு எப்படி அனுப்புவது? இத்தனை வருஷமாக யாருக்கு என்ன ஆயிற்று? ஒரு கம்பெனியும் சேர்க்காத உன் பிள்ளைகளை, தங்கச்சி கேட்டாளே என்று சேர்த்தேன். அதற்கு இந்தப் பேச்சு. மாரிக்கனி கெட்டிக்காரி. ரெண்டே நாளில் வேலையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் உட்கார வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. மதினி சொல்லச் சொன்னாள்.

எட்வின்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
16.11.2024

அண்ணா,

மாரிக்கனி கழுத்தைச் சுற்றித் தோல் உரிந்திருக்கிறது. துப்பட்டா பெல்ட்டில் சிக்கியதும் பக்கத்து மிஷினில் இருந்த அங்காளம்மாள் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். இல்லையென்றால் பிள்ளை இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் அப்பா பாண்டிச்செல்வத்திடம், "சொல்லாமக் கொள்ளாம மிஷின் பக்கம் போயிட்டா" என்றீர்களாம். அவர் மகளைத் திட்டுகிறார். அவளால் பேச முடியவில்லை, என் முகத்தையே பார்க்கிறாள். எப்படி மனசு வந்தது?

அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். விசாரணைக்கு வரும் அதிகாரியிடமும் சொல்வேன். "சொந்த அண்ணனையா?" என்கிறார் தலைமையாசிரியை. எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளை எதையாவது விழுங்க முடிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாளை சாப்பிட வரவில்லை. காரணத்தை மதினியிடம் நீங்களே சொல்லுங்கள்.

பிரிஸ்கில்லா

ராஜபாளையம்,
25.11.2024

பிரிஸ்கில்லாவுக்கு,

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னாய். என் பக்கம் திரும்பவே இல்லை. சொன்னதும் எழுந்து போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

சூப்பர்வைசர் காளிராஜ், "மூடி போட்டுத்தான் சார் இருந்துச்சு" என்றான். எனக்காகத்தான் சொன்னான். அதிகாரி என்னைப் பார்த்தார். எதிரே மாரிக்கனி கழுத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நம் கம்பெனித் துணி. ஓரத்து நூலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

"மூடி இல்ல சார். கழத்தச் சொன்னது நான். அந்தப் பிள்ளைய மிஷின்ல உக்கார வச்சதும் நான்தான்" என்றேன்.

உனக்காகச் சொன்னேன் என்று நினைக்காதே. உன் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள்.

வெளியே வந்து பாண்டிச்செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். மாரிக்கனிதான் திரும்பி நின்று கம்மிய குரலில் கேட்டாள்: "அண்ணாச்சி, மூடி போட்ட பொறவு எங்களக் கூப்புடுவீயளா?"

"ஒங்க டீச்சரக் கேளு தாயி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னிடம் வந்து கேட்பாள். என்ன சொல்வாயோ, நீயே சொல்.

அண்ணன்,
எட்வின்