லண்டனிலிருந்து பத்து மணி நேரம்

இராயபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி சாவியோவுக்கு அக்கா ஜூடி எழுதுவது.

நீயும் மகிமாவும் குழந்தையும் சுகம்தானே? இங்கும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா போன வியாழக்கிழமை இறந்துவிட்டார். மறுநாளே கோயிலில் பூசை வைத்து அடக்கம் பண்ணிவிட்டோம். உன் புது நம்பர் என்னைத் தவிர யாரிடமும் இல்லை, அதனால் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போனில் சொன்னால் நீ அழுவாய், என் மனசு இளகிவிடும். அதற்குத்தான் கடிதம்.

அம்மா செத்தபோது நடந்ததை நீ மறந்திருக்கலாம். கிளம்பிவிட்டேன் என்றாய். ஏர்போர்ட்டில் இருக்கிறேன் என்றாய். அம்மாவை ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்தோம். கரண்ட் போனபோதெல்லாம் அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். கடைசியில் லீவு கிடைக்கவில்லை என்று வீடியோவில் வந்து, போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடி, முகம் சரியாகத் தெரியவில்லை என்றாய். நானும் தூக்கிப் பிடித்தேன்.

அதற்குப் பிறகும் அப்பாவுக்குப் புத்தி வரவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், வாரக்கணக்கில் கப்பலுக்குக் காத்திருந்து பழகியவர். நீ சொன்ன பத்து மணி நேரக் கணக்கு அவரை மயக்கிவிட்டது. “எட்டாயிரம் கிலோமீட்டரு பாய்! எம்புள்ள பத்தே அவர்ல வந்துருவான். நம்ம எண்ணூர் போய்ட்டு வர்றதுக்கே லாரி பின்னால பாதி நாள் பூடுது” என்று டீக்கடை அமீர் பாயிடம் பீற்றிக்கொள்வார். பாய் நமட்டுச் சிரிப்புச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனதும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாவியோக்கு சொல்ட்டியா? இன்னா சொன்னான்?” என்றார். போன் என் கையில்தான் இருந்தது. நான் உனக்குப் போடவே இல்லை. “ஏறிட்டாம்பா, ஃப்ளைட்ல கீறான்” என்றேன். “அப்போ போன் எடுக்க மாட்டான்” என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

பையன் பார்த்தால் பயந்துவிடுவான் என்று தனக்குச் சவரம் பண்ணிவிடச் சொன்னார். எதிர்வீட்டு ரெஜினா அக்காவைக் கூப்பிட்டு, உனக்கு வஞ்சிரம் வறுத்து வைக்கச் சொன்னார். அப்புறம் விடிய விடிய ஒரே கேள்விதான்: “இப்போ எங்க வந்துகினு கீறான்?” நானும் துபாய் தாண்டிட்டான், பம்பாய் தாண்டிட்டான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பம்பாய்க்கு அப்புறம் அவர் கேட்கவில்லை. ரெஜினா அக்காதான் அப்பாவின் கண்களை மூடிவிட்டார்.

சொல்லியிருந்தால் வந்திருப்பேனே என்பாய். வந்திருந்தாலும் வந்திருப்பாய். அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. நீ வந்து நின்றால் உன்மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் தணிந்துவிடுமே என்று பயமாக இருந்தது. மீனைத் தெரு நாய்க்குப் போட்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்காவது வருகிறேன் என்று டிக்கெட் பார்க்காதே. அப்பாவைப் பொறுத்தவரை நீ இன்னும் அந்த ஃப்ளைட்டில்தான் இருக்கிறாய், வந்துகொண்டே இருக்கிறாய். ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளையையும் காப்பாற்றட்டும். தயவுசெய்து இறங்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா
ஜூடி