உப்புச் சாக்கில் கட்டிய புத்தகங்கள்

17-10-2005, திங்கள்

உப்பளத்தில் வேலை நின்று ஒன்பது நாள் ஆகிறது. உப்பு அம்பாரங்களுக்கெல்லாம் கீற்று வேய்ந்தாகிவிட்டது. இனி பொங்கல் தாண்டித்தான் உப்பைப் பார்க்கலாம். மழை மாசம் என்றால் எங்களுக்கு வயிறு பாதி, சிரிப்பு மீதி. வருஷா வருஷம் எங்கள் தெருப் பொம்பளைகள் என் வாசல் கொட்டகையில்தான் தாயம் உருட்டுவார்கள். தாயம் பேருக்கு. நான் மேஸ்திரி நடக்கிற மாதிரி நடந்து காட்டுவேன், ரேஷன்கடைக்காரர் தும்முகிற மாதிரி தும்மிக் காட்டுவேன், எல்லாரும் உருண்டு புரண்டு சிரிப்பார்கள்.

இன்று கட்டம் போட்டு வைத்துவிட்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். வந்தது இரண்டு பேர். அதில் ஒருத்திக்குக் காது கேட்காது.

மற்றவர்கள் எல்லாம் லைப்ரரியில். சவரியும்.

சவரியம்மாளும் நானும் பத்தொன்பது வருஷமாக ஒரே அளத்தில் வேலை. உப்புக்கூடையைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்ள முடியாது, இன்னொருத்தி தூக்கிவிட வேண்டும். அவள் கூடையை நான், என் கூடையை அவள். அப்படிப்பட்டவள் தலையில் பூ வைத்துக்கொண்டு என் வாசல் வழியாகவே போகிறாள். "வர்றியா பாப்பா? ஷம்சாத் கதை படிக்குது" என்று கேட்டாள். நடந்துகொண்டே கேட்டாள்.

வயிறு எரிந்தது. மத்தியானம் தின்ற கருவாட்டுக் குழம்பு என்று வைத்துக்கொள்வோம்.

19-10-2005

போய்ப் பார்த்தேன். என்னதான் இருக்கிறது அங்கே என்று.

போன வருஷம் சுனாமி அலை வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் கட்டிக் கொடுத்த தகரக் கொட்டகை. இருநூறு புத்தகம், இரண்டு கேரம் போர்டு, நாலு பாய். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை பொம்பளைகளுக்கு. ஷம்சாத் ஜவுளிக்கடை வீட்டு மருமகள். திண்டிவனத்துப் பெண், கல்யாணமாகி வந்து மூன்று வருஷம். புருஷன் துபாயில். பிளஸ் டூ படித்திருக்கிறது. சம்பளம் இல்லாமல் வந்து லைப்ரரியைத் திறக்கிறது, பெருக்குகிறது, கதை வாசிக்கிறது. நோன்பு மாசம் வேறு. ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஒரு மணி நேரம் வாசித்தது. குரல் உடையவே இல்லை. இதுகூட எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஏதோ ஒரு ராணி கிணற்றில் விழுந்த மோதிரத்தைத் தேடுகிற கதை. பக்கம் புரட்டுகிற நேரத்தில் நான் சொன்னேன், "ராணி மோதிரம் தேடறது இருக்கட்டும்மா, ராஜா அந்த நேரத்துல எந்த வீட்டுல மோர் குடிச்சிக்கினு இருந்தான்னு அதுல போட்டிருக்குதா?"

யாரும் சிரிக்கவில்லை. ஷம்சாத் மட்டும் சிரித்தது. அது போதாதா? போதாது. சவரி திரும்பி, "சும்மா இருடி, கேக்க விடு" என்றாள்.

என்னை. சவரி. சும்மா இருன்னு.

20-10-2005

போகவில்லை.

28-10-2005

இன்று போனேன். சவரி பாயில் உட்கார்ந்து கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஷம்சாத் அவள் கையைப் பிடித்து 'ச' போட வைக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு போடுகிறாள்.

நான் மூணாங்கிளாஸ் படித்தவள். பிறகு அறிவொளி வகுப்பிலும் உட்கார்ந்தேன். சவரி வீட்டுக்கு வரும் கடிதத்தையெல்லாம் இத்தனை வருஷமாக நான்தான் படித்துச் சொல்கிறேன். கையெழுத்துக் கற்றுக்கொள்ள ஆசை என்று என்னிடம் ஒரு நாள் சொன்னதுண்டா?

திரும்பும்போது கேட்டே விட்டேன். "எங்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லித் தர மாட்டனா?"

"உங்கிட்டயா? நான் தப்பாப் போட்டா ஊரு பூரா நடிச்சிக் காட்டுவ."

நடித்துத்தான் காட்டியிருப்பேன்.

1-11-2005, தீபாவளி

சவரி காலையிலேயே வந்தாள். அதிரசம் நான்கு எடுத்து இலையில் வைத்தேன். இரண்டைத் தின்றாள். இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பேரன்னு யாரு இருக்கான் உனக்கு, முடிஞ்சிக்கினு போற?"

"ஷம்சாத் நோன்பு தொறக்கும்போது குடுக்கலாம்னு."

என் அதிரசம். நான் சுட்டது. மாவு பதத்துக்கு மூணு நாள் காத்திருந்து சுட்டது.

14-11-2005

லைப்ரரிக்குக் கமிட்டி போட்டார்கள். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிவப்பிரகாசம் ஐயா தலைவர். சாவி ஷம்சாத்துக்கு. கைதட்டினார்கள். சவரி எல்லாருக்கும் கடைசியில் நிறுத்தினாள். நானும் தட்டினேன், இரண்டு தட்டு.

29-11-2005

கிளியனூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று சவரி கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்தாள். எனக்குக் கண் கலங்கியது, என்னமோ சொல்லப் போகிறாள் என்று.

"புயல் வருதுன்னு ரேடியோவுல சொல்றான். கொட்டகை பள்ளத்துல இருக்குது. ஷம்சாத் தனியா என்ன பண்ணும்? நீ போய் கை குடு பாப்பா."

சரி என்றேன்.

1-12-2005, வியாழன்

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

கை கொடுக்கப் போனேன். மற்றவர்கள் எல்லாம் அவரவர் வீட்டுக் கூரைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷம்சாத்தும் நானும்தான். புத்தகங்களைக் கூட்டுறவுக் கடை மாடிக்கு ஏற்ற வேண்டும். கட்டுவதற்கு அது ஒரு வியாபாரியிடம் பத்துக் கோணிச் சாக்கு கேட்டு வாங்கி வந்திருந்தது.

"நல்லா காய்ஞ்ச சாக்கா பாத்து எடுத்தேங்க்கா. தொட்டுப் பாருங்க, சருகு மாதிரி இருக்குது."

தொட்டுப் பார்த்தேன். பார்க்கவே வேண்டாம். மூக்கே சொல்லிவிட்டது. உப்பு ஏற்றின சாக்கு. வெயிலில் சருகு மாதிரிதான் இருக்கும். மழை வாடை பட்டால் போதும், காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டுச் சொட்டும். உப்புச் சாக்கில் நாங்கள் ஒரு பழந்துணிகூடக் கட்டி வைக்க மாட்டோம். மழைக்காலத்தில் அதை வீட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டோம். எங்கள் தெருவில் நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். திண்டிவனத்துப் பெண்ணுக்குத் தெரியாது.

வாய் வரை வந்தது. 'ஏம்மா, இது ஆவாது'. அவ்வளவுதான், மூன்று வார்த்தை. அதற்குள் அது சொன்னது, "சவரிம்மா இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்ல? அவங்க இல்லாம கையே ஓடலக்கா."

வார்த்தையை முழுங்கிவிட்டேன்.

பத்துச் சாக்கையும் நானே வாய் தைத்தேன். இறுக்கி.

3-12-2005

விடாத மழை.

9-12-2005

இன்னும் மழை. இன்னொரு புயல் என்கிறார்கள். இப்போது போய்ச் சொன்னாலும் பாதி தப்பும். குடையை எடுத்தேன். முனை வரைக்கும் போய்த் திரும்பினேன். முன்னாடியே ஏன் சொல்லல என்று கேட்டால்?

என் வீட்டுக்காரர் இருசப்பன் நாள் பூராவும் நாலு வார்த்தை பேசுகிற மனுஷன். அவரே சாயங்காலம் கேட்கிறார்: "இன்னாடி, வாயே தொறக்கல? ஜுரமா?"

15-12-2005

சாக்கைப் பிரித்தார்கள்.

கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. தரை காய்ந்திருக்கிறது. சாக்கு மட்டும் சொதசொதவென்று. புத்தகங்கள் ஊறிப் பருத்து, தாளோடு தாள் ஒட்டி, ஓரமெல்லாம் கருப்புப் பூசணம். ஷம்சாத் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "தண்ணி எங்கருந்துக்கா வந்துது? எங்கருந்து வந்துது?" என்று என்னையே கேட்டது. அழுதது.

இதைத்தானே பார்க்க நினைத்தாய் சின்னப்பாப்பா? பார்த்துக்கோ.

16-12-2005

சவரி வந்துவிட்டாள். பேத்தி பிறந்திருக்கிறாளாம். மூட்டையை இறக்கினவுடனே லைப்ரரிக்கு ஓடினாள். நானும் பின்னாடி போனேன். சாக்கின் ஓரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"நீ கூட இருந்தியே பாப்பா."

"மழை வர்ற அவசரத்துல கவனிக்கல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் பார்த்த முகம். "கவனிக்கல" என்று மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

18-12-2005, ஞாயிறு

கூட்டம். சிவப்பிரகாசம் ஐயா நல்லவர்தான், ஆனால் தபால் நனைந்தால் வேலை போய்விடும் என்று முப்பது வருஷம் பயந்து வாழ்ந்தவர். "பொறுப்பில்லாத கையில சாவி இருந்தா இப்படித்தான். பொங்கலுக்கு முன்னாடி மிச்ச புத்தகத்தைத் திருப்பி அனுப்பிட்டு கொட்டகையை மூடிடலாம்" என்றார். ஷம்சாத் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தது.

நான் எழுந்தேன். "ஐயா, அது மேல தப்பில்ல. அது உப்புச் சாக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வாயை மூடிக்கினு இருந்தேன்."

கொட்டகையே சிரித்தது. "பாப்பாக்கா ஆரம்பிச்சிட்டாங்கடி!" என்று ஒருத்தி. ஐயா கோபமாக, "ஏம்மா, விளையாடற நேரமா இது?" என்றார்.

மறுபடி சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். கையை இடுப்பில் வைத்திருந்தேன், மேஸ்திரியை நடித்துக் காட்டும்போது வைக்கிற மாதிரி. அதை எடுத்துவிட்டு மூன்றாவது தடவை சொன்னேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. முதல் தடவையிலிருந்தே சிரிக்காதவள் சவரி மட்டும்தான்.

ஷம்சாத் கேட்டது, "ஏன்க்கா?"

"சவரி வந்து உங்கிட்ட உக்காந்துக்கிச்சு. அதான்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது, எவ்வளவு சின்னது என்று. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடித்துக்கொள்கிற பிள்ளைகள் மாதிரி. நாற்பத்தாறு வயசு எனக்கு.

சவரி எழுந்து போய்விட்டாள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், பொங்கல் வரை பார்ப்போம் என்றார். சாவியை ஷம்சாத் பக்கம் தள்ளி வைத்தார்.

20-12-2005

வாசலில் ஷம்சாத். திட்ட வந்திருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"உப்பு பட்டதை நீங்க எப்படிக்கா காய வைப்பீங்க?"

"காய வச்சா காயாது. உப்பு உள்ள இருக்கிற வரைக்கும் ஈரத்தை இழுத்துக்கினே இருக்கும். நல்ல தண்ணியில அலசணும், அப்பறம்தான் வெயிலு."

"புத்தகத்தையா? தண்ணியிலயா?"

"ஆமா."

"நெஜமாத்தான சொல்றீங்க? தமாஷ் இல்லியே?"

"இல்லம்மா."

கிழிந்த புத்தகம் ஒன்றை முதலில் தாம்பாளத்தில் போட்டுப் பார்த்தோம். அச்சு கரையவில்லை.

25-12-2005

சவரி வீட்டிலிருந்து கேக் வரவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

4-1-2006

தினமும் பத்து, பன்னிரண்டு புத்தகம். தாம்பாளத்தில் அலசி, இடுக்கில் பழைய பேப்பர் வைத்து, செங்கல் ஏற்றி, பிறகு கொடியில். மார்கழி வெயில் பதமாக இருக்கிறது. ஷம்சாத் நன்றாகப் பேசுகிறது. மாமியாரைப் பற்றி அது சொல்கிற கதையில் இன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நடிக்கவும் வருகிறது! துபாய் போன் வந்தால் மாமியார் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துக் கத்துவதை அப்படியே செய்து காட்டியது.

என்னை மன்னித்துவிட்டதா என்று கேட்கவில்லை. அதுவும் சொல்லவில்லை. பூசணம் துடைக்கிறோம்.

15-1-2006

ஐயா வந்து கொடியில் தொங்குவதைப் பார்த்தார். ஒன்றை முகர்ந்தார். "மூட வேணாம்" என்றார்.

23-1-2006, திங்கள்

அளம் திறந்தாகிவிட்டது. இன்று பாத்தி மிதி. சேற்றுத் தரை இறுகுவதற்காக வரிசையாக நின்று மிதித்துக்கொண்டே போக வேண்டும். சவரி எனக்கு மூன்று பேர் தள்ளி நின்றாள். ஒரு மாசமாக என்னிடம் ம், ஊஹூம் தவிர வேறு பேச்சில்லை.

பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், "நேத்து ஷம்சாத் இன்னா சொல்லுச்சு தெரியுமா..."

"ஏன், இப்பல்லாம் அது உங்கிட்டதான் எல்லாத்தையும் சொல்லுதா?"

சவரி. முகத்தைத் திருப்பாமல், மிதித்துக்கொண்டே. கீழ் உதடு மட்டும் முன்னால் வந்திருந்தது.

எனக்கு அந்த உதட்டைத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை முழுக்க என் முகத்தில்தான் இருந்தது. நாக்கு நுனியில் ஒரு கிண்டல் வந்து நின்றது. நல்ல கிண்டல், எல்லாரும் சிரித்திருப்பார்கள். சொல்லவில்லை. அவளை நோக வைக்க மனசு வரவில்லை.

"எத்தினி புத்தகம் தேறிச்சு?" என்று அவளே கேட்டாள்.

"நூத்திப் பதினாறு."

"மிச்சம்?"

"தாள் ஒட்டிக்கினு இருக்குது. பிரிச்சா கிழியுது."

பாத்தி நீளத்துக்கு மிதித்துக்கொண்டே போனோம். முனைக்கு வந்ததும் சொன்னாள். "எனக்கு மெல்லப் பிரிக்க வரும். ஞாயித்துக்கிழமை வர்றேன். புத்தகத்துக்காக வர்றேன், உனக்காக இல்ல."

"சரி" என்றேன்.

முனையில் வரிசை திரும்பியது. நடுவில் இருந்த மூவரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். அவள் அங்கேயே தள்ளி நிற்காமல் என் பக்கத்தில் வந்து நின்று, என் வலது காலோடு அவள் வலது காலை எடுத்து வைத்தாள்.