கொம்புத் திருக்கைக்குச் சட்டம், குருவித் திருக்கைக்குச் சட்டி

அனுப்புநர்:
திருமதி நாகபூசணி மார்க்கண்டு,
நெடுந்தீவு கிழக்கு.

பெறுநர்:
மேலதிகாரி அவர்கள்,
கடலுயிர்க் காப்புப் பிரிவு,
யாழ்ப்பாணம்.

விடயம்: என் மகனின் வலையைப் பறித்தமையும், கண்முன் கிடந்த திருக்கையைப் பாராதிருந்தமையும்

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் இறங்குதுறையில் தங்கள் பிரிவு நட்ட பலகையில் கொம்புத் திருக்கையின் படம் உண்டு. அழிந்துவரும் இனம், பிடிபட்டால் அறிவியுங்கள் என்று எழுதியுள்ளது. ஊரில் அதை நம்பியவன் என் மகன் பிரதாபன் ஒருவன்தான்.

2. சென்ற செவ்வாய் அவன் வலையில் கொம்புத் திருக்கையொன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. மற்றவர்கள் என்றால் கடலிலேயே விலைபோகும் செவுளை மட்டும் வெட்டியெடுத்து உடலைத் தள்ளிவிட்டிருப்பார்கள். இவன் கரைக்கு இழுத்துவந்து, தங்கள் உத்தியோகத்தர் றஜீபனுக்குத் தானே போன் எடுத்தான். அவர் வந்து வலையைப் பறித்துக்கொண்டு போனார். அறிவித்தவனுக்கு நல்ல மரியாதை.

3. அவர் நின்ற இடத்திலேயே, பக்கத்து வள்ளத்தடியில் குருவித் திருக்கைகள் குவிந்து கிடந்தன. ஒன்றை வெட்டியபோது வயிற்றிலிருந்து நாலு குட்டிகள் மணலில் விழுந்தன. இதுவும் அருகிவரும் சாதிதானே என்று கேட்டேன். "அது பலகையிலை இல்லை அம்மா" என்றார். சொல்லிவிட்டு, பிள்ளை பெற்றிருக்கும் மனைவிக்குப் பால் சுரக்கப் பத்திய வறை வறுக்கவென்று அந்தத் தாய்த் திருக்கையிலேயே ஒரு துண்டு வாங்கினார். என் பேர்த்தி பிரியவதனியும் பிள்ளை பெற்றுத்தான் இருக்கிறாள். அவளுக்குத் திருக்கை வாங்கத்தான் நானும் துறைக்குப் போயிருந்தேன். ஆனால் அன்று விளைமீனோடு வீடு திரும்பினேன்.

4. கொம்புத் திருக்கை ஒரு முறைக்கு ஒரு குட்டிதான் போடும். குருவித் திருக்கை நாலுவரை போடும், ஆகவே தானாகப் பெருகும் என்று தங்கள் கந்தோரில் யாரோ கதிரையில் இருந்து யோசித்திருக்கிறார். நான் ஐந்தாம் வகுப்பு. தாயோடு நாலு குட்டியை வெட்டினால் போவது ஐந்து உயிர் என்று பார்க்க அந்தப் படிப்புப் போதும். வெளிநாட்டான் மருந்துக்குச் செவுள் போனால் குற்றம், உத்தியோகத்தர் குசினிக்கு இறைச்சி போனால் பத்தியம். இதுவா ஐயா காப்பு?

5. வலையில்லாமல் மகன் கரையில் இருக்கிறான். அவனை மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. மன்னிக்க அவன் ஒன்றும் செய்யவில்லை. குருவித் திருக்கையையும் பலகையில் போடுங்கள். பிடிப்பவரோடு வாங்குபவரையும் விசாரியுங்கள். அப்படிச் செய்தால் வலை உங்களிடமே இருக்கட்டும், மகனுக்கு நான் சொல்லிக்கொள்வேன். செய்ய ஏலாதென்றால், அதே துறையில், எல்லோரும் பார்க்க, றஜீபனே வலையைத் தோளில் சுமந்துவந்து திருப்பித் தர ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

இடம்: நெடுந்தீவு
திகதி: 14.03.2025

பிறர் கையால் எழுதுவிக்காமல் தானே எழுதி ஒப்பமிடும்,
மா. நாகபூசணி